சாம்பிள்

துண்டு முனையில் முடிந்து கொண்டுவந்தான் கொளஞ்சிநாதன்,
ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக.
"வெட்டிப் பாருக்கா, அப்புறம் வெலை பேசு."
வெட்டினேன்.
நூற்றுக்கு ஆறு சொத்தை.
பருப்பு தந்தம் போல இருந்தது என்று சொன்னால்
அது கடைக்காரர்கள் சொல்லும் பொய்.
புதிதாய் முளைத்த பல்லின் நிறம்.

முந்திக்கொண்டு நானே விலை சொல்லியிருக்கலாம்.
முந்திரிக்கொட்டை என்று பேர் வாங்குவானேன் என்றிருந்தேன்.
நூத்தி முப்பத்தெட்டு என்றான்.

பதில் சொல்லாமல்
ஷெட்டின் மேற்குச் சுவரைப் பார்த்தேன்.
அவனும் பார்த்தான்.
கூரைவரை சணல் மூட்டை,
ஒவ்வொன்றும் எண்பது கிலோ,
பச்சை மையில் வாயில் நுழையாத ஊர்ப்பெயர்.
பெனின் என்றார் தூத்துக்குடி ஏஜெண்ட்.
மேப்பில் தேடிப் பிடித்தேன்,
என் சுண்டுவிரல் நகத்தில் பாதி.
அங்கே யாரோ பொறுக்கி, யாரோ காயவைத்து,
லாரி ஏற்றிக் கப்பல் ஏற்றிக்
கடல் இத்தனையும் தாண்டிக்
காடாம்புலியூர் வந்து சேர
கிலோ நூற்றுப் பதினான்கு.

கொளஞ்சிநாதன் தோப்பு இங்கிருந்து ரெண்டு மைல்.
எக்ஸெல்லில் வந்தால்
நாய் துரத்துகிற நேரமும் சேர்த்துப் பத்து நிமிஷம்.

இதைக் கணக்கு என்பதா
வேறு ஏதாவது பேர் வைப்பதா தெரியவில்லை.
பேங்க்கில் கணக்கு என்றுதான் சொல்கிறார்கள்.

அவனுக்கும் தெரியும்,
தானே புயலில் அவன் மரமெல்லாம் வேரோடு படுத்த பிறகு
ஒட்டுக்கன்று வைத்து அது காய்க்கும்வரை
கப்பல் கொட்டை வந்திராவிட்டால்
இந்த ஷெட்டில் பூட்டுதான் தொங்கியிருக்கும்.
அந்த வருஷங்களில் அவன் மனைவியும்
இங்கே உட்கார்ந்துதான் உடைத்தாள்.
அதை நான் சொல்லிக்காட்டவில்லை.
சுவரைப் பார்த்ததே சொல்லிக்காட்டியது போலாகிவிட்டதோ என்னவோ.

அஞ்சலாட்சிக்கு ரெண்டு கொட்டையும் ஒன்றுதான்.
புருஷன் பழைய சட்டையைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு
கையில் சாம்பல் பூசிக்கொண்டு தட்டுகிறாள்.
"எந்தச் சீமைக் கொட்டையா இருந்தா என்ன,
பாலு பட்டா தோலு உரியுது."
அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல்,
"கப்பல் கொட்டை சிறுசு.
ஒரு கிலோ பருப்பு எடுக்க
நூறு தட்டு கூடத் தட்டணும்.
அந்த நூறு எந்த நோட்டுல ஏறுது?"

எந்த நோட்டிலும் ஏறவில்லை.

போன மாசம் ஒரு மூட்டையைக் கொட்டியபோது
கொட்டையோடு ஒரு நீலப் பொத்தான் விழுந்தது.
நாலு துளை, அறுந்த நூல் இன்னும் விடவில்லை.
சட்டையில் இல்லாத இடத்தில் தைத்துக்கொண்டாள் அவள்.
அந்தச் சட்டையிலேயே அது ஒன்றுதான் சரியாகப் பூட்டுகிறது.

மாடியில் கவர் பத்தாயிரம் அச்சடித்துக் கிடக்கிறது.
"அசல் பண்ருட்டி முந்திரி."
உள்ளே எதைப் போட்டாலும் கவர் அதேதான்.
உடைத்த கை பண்ருட்டிப் பக்கம்தானே என்று
எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்,
ஆடிட்டரிடம் சொல்வதுபோல.

"நூத்தி இருபத்தாறு."
நான் சொன்னதாக நினைவில்லை.
மேற்குச் சுவர்தான் சொன்னது.

அவிழ்த்த துண்டை மறுபடி முடிந்தான்.
வாசல்வரை போனான்.
வந்து அவிழ்த்தான்.
இருபது மூட்டை.

ஆவணியில் மகளுக்கு நிச்சயம்,
கேசரிக்கும் பாயசத்துக்கும் நாலு கிலோ வேணும் என்று வந்தான்.
முழுசு வேண்டாம், உடைசல் போதும்.
ரெண்டு டின்னைத் திறந்து வைத்தேன்.
"எது கொறச்சல்?"
"இது."
எந்த ஊர் என்று அவன் கேட்கவில்லை.
நானும் வாயைத் திறக்கவில்லை.
தராசின் சிவப்பு எண்கள் ஓடி நிற்கும்வரை
ரெண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாலு கிலோவில் நின்றது.
மேலே ஒரு கை அள்ளிப் போட்டேன்.
எந்த டின்னிலிருந்து என்று
அஞ்சலாட்சி மட்டும் பார்த்தாள்.